யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்து இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்து அலுத்துப்போய்த்தான், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து இருக்கும் ஒரு தொண்டு மையத்தில் சேர்ந்தேன். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, ரொட்டியும் பீன்ஸ் கறியும் பரிமாறுவது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தேன். சேர்க்கும் முன்பு சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியல் அது) என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நம்மைப் போய் சந்தேகப்படுகிறார்களே என்று சுருக்கென்றது. இப்போது யாராவது அந்தச் சோதனைக்கு முகம் சுளித்தால் எனக்கே அவர்கள்மேல் சந்தேகம் வருகிறது.

மூன்றாவது மாதம் ஒரு நாள், எல்லோரும் போனபிறகும் ஒரு பையன் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), தாத்தா, கண்ணா, சாமி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் இங்கிலீஷ். "ஆன்ட்டி, ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்லக்கூடாது" என்றான். "சொல்ல மாட்டேன் கண்ணா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினான். நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை.

இங்கே 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 110ஆவது பிரிவில், ஆசிரியர், மருத்துவர் என்று நீளும் பட்டியலில் எங்களைப் போன்ற மையங்களின் தன்னார்வலர்களும் உண்டு. பிள்ளையைக் காயப்படும்படி அடித்திருக்கிறார்கள், பாலியல் கொடுமை நடந்திருக்கிறது, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தெரிவித்தே ஆகவேண்டும், அதற்குப் படிவம் 22 என்று ஒன்று இருக்கிறது. பயிற்சியில் இதையெல்லாம் நோட்டில் எழுதியவள்தான் நான். அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு.

மையத்தின் சமூகப் பணியாளரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "அவனிடம் நீங்கள் என்னென்ன கேட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "மாமாவா அடித்தார்?" என்று கேட்டேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளை தானாக ஒரு பெயரைச் சொல்வதற்கு முன்னால் நாம் ஒரு பெயரை வாயில் போட்டுவிட்டால், நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வாராம். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே போதும் என்றார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனிடம் போய், இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், யாரிடம் சொல்லப்போகிறோம் என்று விளக்கினேன். "நீங்கள் சொல்ல மாட்டேன் என்றீர்களே" என்றான். அதற்குப் பிறகு பல வாரம் என் பக்கம் திரும்பவில்லை.

பிள்ளைகளை அடிப்பது பற்றி வீட்டுப் பெரியவர்களோடு நடந்த கூட்டங்கள் வேறு ரகம். ஒரு தாத்தா எழுந்து, அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பழமொழியோடு ஆரம்பித்தார். பழமொழியை இந்த ஊரில் கேட்ட சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது வேறு விஷயம். பள்ளியில் அடிக்கக்கூடாது என்று 1996லேயே சட்டம் வந்துவிட்டது, வீட்டிலும் 'கண்டிக்கத்தான் அடித்தேன்' என்று தப்பிக்க முடியாதென்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. கூட்டம் முடிந்து ஒரு ஆயா என் கையைப் பிடித்து, போன் பண்ணினால் பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று கேட்டார். முதலில் விசாரிப்பார்கள், வீட்டிலேயே பத்திரமாக இருக்க வழி உண்டா என்றும் பார்ப்பார்கள் என்று சொல்லி, 116 என்ற எண்ணை எழுதிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்காகத் தொலைபேசியில் உதவும் சைல்ட்லைன் அமைப்பின் இலவச எண். 1986இல் இதே டர்பனில்தான் தொடங்கினார்கள் என்றதும் அவருக்கு ஒரு தைரியம் வந்த மாதிரி இருந்தது. சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பையன் இப்போதும் வருகிறான். போன மாதம் ஒரு சின்னப் பெண்ணிடம், "அந்த ஆன்ட்டியிடம் எதையும் சொல்லாதே, போய் சொல்லிவிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சமூகப் பணியாளர் கேட்டுவிட்டுச் சிரித்தார், "நல்ல விளம்பரம்தான்" என்று. அடுத்த வாரம் அந்தப் பெண் கணக்கு நோட்டோடு நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.