புது அனிமோன் சுருங்கிக் கிடந்தால் முதலில் கையை வெளியே எடுங்கள்

கடல் சாமந்தி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கடையில் அனிமோன் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வீட்டு டேங்குக்கு, அதாவது உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்கு, வந்த முதல் ராத்திரியே அது எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிப்போகும். செத்துவிட்டதோ என்று பயந்து தூக்கி வேறு பாறையில் வைப்பது, வாயில் இறால் திணிப்பது, லைட்டை மாற்றுவது என்று ஆரம்பித்தால் பிழைக்க வேண்டியதும் பிழைக்காது.

அனிமோனுக்கு எலும்பு கிடையாது. உடம்புக்குள் நிரம்பியிருக்கும் தண்ணீர்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. கழிவை வெளியேற்ற அந்தத் தண்ணீரை மொத்தமாக வெளியே விட்டு, பிறகு புதிதாக நிரப்பிக்கொள்ளும். நாளுக்கு ஓரிரு முறை இப்படிச் சுருங்கி விரிவது சாதாரணம். பழுப்பு நூல்போல எதையாவது கக்கினாலும் உடனே பதற வேண்டாம். கழிவாகவும் இருக்கலாம், உடம்பில் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசியில் கொஞ்சம் வெளியேறுவதாகவும் இருக்கலாம்.

சுருக்கத்தை விட்டுவிட்டு வாய், பாதம், நாற்றம் மூன்றையும் பாருங்கள். வாய் கோடுபோல இறுக்கமாக மூடியிருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் வெள்ளை மடிப்புகள் வெளியே பிதுங்கி, மணிக்கணக்கில் அப்படியே தொங்கினால் ஆபத்து. பாதம் எதிலாவது ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் உருண்டுகொண்டே இருந்தாலோ பாதத்தில் கிழிசல் தெரிந்தாலோ நிலைமை மோசம், ஏனென்றால் அந்தக் கிழிசல் வழியாகத்தான் பாக்டீரியா ஏறும். சதை சளிபோலக் கரைந்து அழுகல் நாற்றம் அடித்தால் யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். 100 லிட்டர் டேங்கில் ஒரு உள்ளங்கை அளவு அனிமோன் அழுகினால் அம்மோனியா ஏறி மீன்களும் சேர்ந்து போகும்.

இங்கே சொல்வதெல்லாம் பபிள் டிப் என்கிற அனிமோன் வகையை (என்டக்மேயா குவாட்ரிகலர்) மனதில் வைத்து. புதியவர்களுக்கு ஓரளவு ஒத்துப்போவது அதுதான். மன்னார் வளைகுடாப் பக்கம் கிடைக்கும் ஹட்டோனி கார்பெட் என்கிற வகையோ மணலில் பாதம் புதைத்து வாழ்வது. அதைப் பாறை இடுக்கில் சொருகினால் நிற்காது. சின்ன மீன் அகப்பட்டால் அதை விழுங்கியும் விடும்.

வாங்கும்போதே ஒரு விஷயம். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது அபூர்வ வகை இல்லை, நுண்பாசியை இழந்து பட்டினி கிடக்கிற பிராணி. கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சள் பல சமயம் சாயம் ஏற்றியது. விலை குறைத்துத் தந்தாலும் இரண்டும் வேண்டாம்.

கடையில் கட்டித்தந்த பையைத் திறக்கும் நேரம்தான் பலருக்குப் புரியாத இடம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அதனால் உள்ளே இருக்கும் அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த வடிவத்தில் இருக்கும். வாயைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். ஆகவே மூடிய பையை 15-20 நிமிடம் டேங்கில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். திறந்ததும் அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனரை அளவாகச் சேர்த்துவிட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு நொடிக்கு 2-4 சொட்டாக டேங்க் தண்ணீரைப் பைத் தண்ணீரில் இறக்குங்கள். 30-45 நிமிடம் போதும். ராத்திரி முழுக்கச் சொட்ட விடுவது அக்கறை மாதிரித் தெரியும், பலன் நேர் எதிர்.

ஆனால் முதலில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பைத் தண்ணீரின் ஒப்படர்த்தியைப் பாருங்கள். சில கடைகளில் 1.020-க்கும் கீழே வைத்திருப்பார்கள், உங்கள் டேங்கோ 1.025-1.026. இடைவெளி அவ்வளவு இருந்தால் பைத் தண்ணீரின் உப்பளவுக்கே புதிதாகக் கலந்த உப்புத்தண்ணீரில் ஒரு பக்கெட், ஹீட்டர், ஏர் ஸ்டோன் வைத்து அதில் அனிமோனை மாற்றி, இரண்டு மூன்று மணி நேரத்தில் உப்பை மெல்ல ஏற்றலாம். பைத் தண்ணீர் டேங்குக்குள் போகவே கூடாது.

டேங்குக்குக் குறைந்தது ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 5-20 பி.பி.எம்., ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8-10 டி.கே.எச்., வெப்பம் 25-27 டிகிரி. இவற்றில் ஏதாவது ஓர் எண் கொஞ்சம் தள்ளி நின்றாலும் அசையாமல் நின்றால் தாங்கும், தினமும் ஆடினால் தாங்காது. முன்பு மீன் நோய்க்குக் காப்பர் மருந்து போட்ட டேங்க் என்றால் இந்த ஆசையையே விட்டுவிடலாம். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யமாக இருக்காது, மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடவே ஒரு டி.ஐ. ரெசின் வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் ஃபேனை மட்டும் நம்பினால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். ஆவியாகிக் குறைந்ததற்கு ஈடாக உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், உப்புத்தண்ணீர் அல்ல.

வைக்கிற இடம்: பாதம் நுழைய இருட்டான ஒரு பொந்து, விழுதுகள் (வாயைச் சுற்றி இருக்கும் நீள விரல்கள்) நீட்ட அதன் மேல் வெளிச்சம். தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் விசிறியான வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, பாதம் பொந்தைப் பார்க்கிற மாதிரி மெல்ல வைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். சம்ப் பம்ப் (கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றுவது) ஓடட்டும். பாதம் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, பாறையின் மேடுபள்ளத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அதன்பின் ஓட்டத்தைத் திறக்கலாம். பிடிக்கவில்லை என்றால் நடக்கும், நடக்கட்டும். அதற்கு முன்பே எல்லா வேவ்மேக்கருக்கும் ஸ்பாஞ்சோ வலையோ போட்டிருக்க வேண்டும். நடந்துபோய் விசிறியில் அரைபட்டுச் சாவதுதான் இந்தப் பிராணிக்கு நேரும் மிகக் கேவலமான சாவு. ஒட்டிய பாதத்தை நகத்தால் நெம்பாதீர்கள். பாறையோடு தூக்குவதுதான் பாதுகாப்பு.

லைட்டை வழக்கமான அளவில் பாதியாக்கி, வாரத்துக்கு 5-10 சதவீதம் ஏற்றுங்கள். வெளுத்துப்போனதற்கு இன்னும் நிதானம்.

முதல் வாரம் சாப்பாடு கிடையாது. அதன்பின் விழுதில் ஒரு மைசிஸ் (பொடி இறால் தீனி) படட்டும். ஒட்டிப் பிடித்து வாய்க்கு மடக்கினால் தயார், நழுவி விழுந்தால் இன்னும் பொறுங்கள். பட்டாணி அளவுக்கு மேல் கொடுக்காமல் வாரம் ஒன்றிரண்டு முறை. மறுநாள் கக்கிவிட்டால் துண்டு பெரியது.

அனிமோனுக்குள் குடியிருக்கும் க்ளவுன் மீன் (கோமாளி மீன்) வைத்திருப்பவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். மீன் உடம்பை உரசி உரசியே நலிந்த அனிமோனை விரியவிடாது. முதல் சில வாரம் மீனை ஒரு வலைப்பெட்டியில் பிரித்து வையுங்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒரே பொந்தில், பகலில் முழுதாக விரிந்து, தந்ததைப் பிடித்துத் தின்றால் குடியேறிவிட்டது. அப்போதும் வேவ்மேக்கர் ஸ்பாஞ்சைக் கழற்ற வேண்டாம். பபிள் டிப் ஒருநாள் தானாகவே இரண்டாகப் பிளக்கும், அதில் ஒன்று மறுபடி நடக்கக் கிளம்பும்.