பத்திராதிபரின் தமிழைத் தேடி

முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக, அடுத்தவர் எழுதியதை வெட்டியும் ஒட்டியும் காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பதிப்பாளர் கூப்பிட்டு, "ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றி நூறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதித் தர வேண்டும் சார், ஆறு மாதம் போதுமா?" என்று கேட்டார். மூன்று மாதமே தாராளம் என்று வாய்ச்சவடால் அடித்துவிட்டு வந்தேன். முடிய இரண்டேகால் வருடம் ஆயிற்று.

ஆரம்பம் சுலபமாகத்தான் இருந்தது. 1855இல் திருவையாற்றில் பிறந்தவர். சென்னைக்கு வந்து பள்ளி ஆசிரியரானவர். டி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளையர் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அதற்குப் பதில் சொல்ல சுப்பிரமணிய ஐயர் உட்பட ஆறு இளைஞர்கள் கூடி, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் 'தி இந்து'. அந்த ஒன்றே முக்கால் ரூபாயை எழுதாதவர் இல்லை, நானும் எழுதினேன். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர். 1889 ஏப்ரலில் 'தி இந்து' நாளிதழானது. அதே ஆண்டு, சிறுவயதிலேயே கணவனை இழந்த மகள் சிவப்பிரியாவுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். ஊருக்கு உபதேசம் எழுதுகிற பத்திரிகையாளர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால், இந்த ஒரு செயலுக்காகவே அவர் மீது எனக்குத் தனி மரியாதை. அந்த அத்தியாயம் இரண்டே நாளில் முடிந்தது.

அடுத்து 'சுதேசமித்திரன்'. அங்கேதான் வண்டி நின்றது.

ஆங்கிலம் தெரியாத ஜனங்களுக்கு அரசியல் போய்ச் சேர வேண்டும் என்றுதான் 1882இல் அவர் அதைத் தமிழில் தொடங்கினார். 1898இல் 'தி இந்து'வை விட்டு விலகினார். மறு ஆண்டே மித்திரன் நாளிதழானது. 1904இல் மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்த பாரதியைக் கூட்டி வந்து உதவி ஆசிரியராக அமர்த்தினார். என் உத்தியோகத்தின் பெயரே பாரதிக்கும் இருந்தது என்பதில் எனக்கொரு அற்பப் பெருமை உண்டு. சரி, அந்தத் தொடக்க கால மித்திரனில் ஐயர் எழுதிய தலையங்கம் நான்கையாவது படிக்காமல் எப்படி எழுதுவது?

தேடினேன். ஒரு நூலகத்தின் அட்டவணையில் இருந்தது, அலமாரியில் இல்லை. கோரிக்கைச் சீட்டின் பின்புறம் 'கிடைக்கவில்லை' என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். இன்னோரிடத்தில் கட்டு இருந்தது. தொட்டால் அப்பளமாக நொறுங்கும் என்று பிரிக்கவே விடவில்லை. அவர்கள் செய்தது சரிதான். கிடைத்த மைக்ரோஃபிலிம் சுருள்களோ பிற்காலத்தவை. நான் தேடிய வருடங்கள் எங்கும் அகப்படவில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஓர் ஆய்வு மாணவிதான் வழி காட்டினார். "அரசாங்கத்தின் சுதேசப் பத்திரிகை அறிக்கைகளைப் பார்த்தீர்களா சார்?" என்று கேட்டார். வெள்ளை அரசு தமிழ், தெலுங்குப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. அவர்கள் அவற்றைப் படித்து, அரசுக்கு உறுத்தக்கூடியதை ஆங்கிலத்தில் சுருக்கித் தருவார்கள். அது ரகசிய அறிக்கையாக அச்சாகி அதிகாரிகள் மேசைக்குப் போகும். எந்தப் பத்திரிகை, எந்த ஊர், எத்தனை பிரதி விற்கிறது என்ற பட்டியலும் உண்டு. அதில் மித்திரன் வரிக்கு வரி தலைகாட்டியது. ஐயரைக் கண்காணித்த சர்க்கார்தான் ஐயரின் கருத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. 1908இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்ததும் அதே சர்க்கார்தான்.

புதையல் கிடைத்த மாதிரி குறிப்பெடுத்தேன். வீட்டுக்கு வந்து தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. மித்திரன் இன்னின்னவாறு கருதுகிறது என்று தொடங்கும் ஒரு நான்கு வரிச் சுருக்கம். 'மக்கள்' என்று எழுதினேன். ஐயர் காலத்தில் 'பிரஜைகள்' என்றோ 'ஜனங்கள்' என்றோ அல்லவா இருந்திருக்கும்? மாற்றினேன். 'அரசு' என்றேன்; 'ராஜாங்கத்தார்' என்று திருத்தினேன். ஆசிரியரையே பத்திராதிபர் என்று சொன்ன காலம். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய வேட்டி கட்டி விட்டு உரக்கப் படித்துப் பார்த்தால், நாடகத்தில் தாத்தா வேஷம் போட்ட பள்ளிக்கூடப் பையன் பேசுவது போல இருந்தது. மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் நான்தான் பேசினேன்.

1903இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றிய நூல் முழுசாகக் கிடைக்கிறது. எதை வேண்டுமானாலும் மேற்கோள் காட்டலாம். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக எழுதியதுதான் எனக்கு ஆங்கிலத்தில் மட்டும் கிடைத்தது.

பதிப்பாளரிடம் போய், மித்திரன் பகுதிகளை மேற்கோள் குறிக்குள் போட மாட்டேன் என்றேன். "கதாநாயகன் ஒரு வரிகூடப் பேசாவிட்டால் யார் சார் வாங்குவார்கள்?" என்றார். அவர் கவலை அவருக்கு. முப்பது வருடமாக நிருபர்களிடம் 'இது அவர் சொன்னதா, நீ சொன்னதா' என்று கேட்டே வெறுப்பைச் சம்பாதித்தவன் நான். இந்த வயதில் கட்சி மாற முடியவில்லை.

மானம் காத்தவர் மெய்ப்புத் திருத்துநர். ஒரு பழைய தமிழ் இதழிலிருந்த குறிப்பை நான் 1900 என்று போட்டிருந்தேன். ௵, ௴, ௳ என்று வருடம், மாதம், தேதிக்கான குறிகளோடு அச்சான பக்கம் அது. சார்வரி வருடம், மாசி மாதம். பஞ்சாங்கத்தில் சார்வரி 1900 என்று பார்த்து எழுதிவிட்டேன். அந்தப் பெரியவர் பென்சிலால் வட்டம் போட்டு, 'சித்திரையில் பிறந்த வருடத்துக்கு மாசி எப்போது வரும்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். 1901 பிப்ரவரியில்தான் வரும். அதன் பிறகு எல்லாத் தமிழ்த் தேதிகளையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். இன்னும் இரண்டு தப்பு மாட்டியது. அதற்கே மூன்று வாரம் போயிற்று.

கடைசி மெய்ப்பிலும் அவர் ஒரு வட்டம் போட்டார். 'என்று அரசு மொழிபெயர்ப்பாளர் குறித்திருக்கிறார்' என்ற தொடர் புத்தகம் நெடுக வருகிறது, படிக்க அலுப்பாக இருக்கிறது, குறைக்கலாமா என்று கேட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். 41 இடம். ஒரே பத்தியில் இரண்டு முறை வந்திருந்த ஓரிடத்தில் மட்டும் ஒன்றை அடித்தேன். மற்ற 40ஐயும் அப்படியே விட்டு, அச்சுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.