மெல்பர்னில் ஒரு மெர்டேக்கா இரவு

ஆஸ்திரேலியாவில் படிக்கும் மலேசிய மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டனில் ஆகஸ்டு என்றால் கோடை விடுமுறை, பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். இங்கே ஜூலைக் கடைசியிலேயே இரண்டாம் பருவம் தொடங்கிவிடுவதால் மெர்டேக்கா என்னும் விடுதலை நாளான ஆகஸ்டு 31 வரும்போது எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறோம். எங்கள் மாணவர் சங்கம் அந்தச் சமயத்தில் நடத்தும் கலை இரவில் மேடைப் பொறுப்பு என்னிடம் வந்தது. இனி நடத்தப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே தேதியில் சிக்கல். சரவாக் மாநிலத்துக் கூச்சிங்கிலிருந்து வந்த தோழி, ஆகஸ்டு 31 மலாயா தீபகற்பத்தின் நாள், சரவாக்குக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. 1957 ஆகஸ்டு 31-ல் விடுதலை பெற்றது மலாயா. அப்போது போர்னியோ தீவில் உள்ள சரவாக்கும் சபாவும் இன்னும் பிரிட்டனின் கீழ்தான் இருந்தன. 1963 ஜூலை 22-ல் சரவாக் தன்னாட்சி பெற்றது, அதே ஆண்டு ஆகஸ்டு 31-ல் சபா பெற்றது. செப்டம்பர் 16-ல்தான் மலேசியா உருவானது. அந்த நாள் நாடு முழுதும் பொது விடுமுறை ஆனதே 2010-ல்தான். ஈப்போவில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் சரித்திரப் பாடத்தில் தேர்வுக்குப் படித்த சங்கதி. அவளுக்கு அது வீட்டில் பேசிப் பேசி வளர்ந்த விஷயம்.

பேசி முடித்து, இரண்டு நாளுக்கும் நடுவில் வரும் ஒரு சனிக்கிழமையைப் பிடித்தோம். கதையும் மாறியது. மெர்டேக்கா அரங்கில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கியதோடு முடிவதாக இருந்த நாடகம், அங்கிருந்து மேலே நடந்து 1963-க்குப் போனது. ஒரு கோப்பிக் கடையைக் களமாக வைத்துக்கொண்டோம். கடைக்கு வருகிறவர்கள் பேசுவது நாடகம், இடையிடையே ஆட்டமும் பாட்டும். இந்தக் கூட்டம் மட்டும் நடக்காமல் போயிருந்தால் எங்கள் இரவு பாதி நாட்டுக்கான இரவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து பொருள்கள். உருமி மேளம் இல்லாமல் மலேசியத் தமிழர் பங்கு நிறைவாகாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆஸ்திரேலியாவுக்குள் தோல் கருவி கொண்டுவந்தால் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். உருமி கொண்டுவந்த தம்பி அப்படியே செய்தான். அதிகாரி தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மயிர் ஒட்டியிருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து விட்டுவிட்டார். மரத்தில் செய்த சாப்பே என்னும் சரவாக் நரம்புக் கருவிக்கும் அதே சோதனைதான். ஆனால் சரவாக்கின் இபான் மக்களின் ஙாஜாட் ஆட்டத்துக்கான தலையணியில் இருவாச்சி இறகு செருகுவார்கள். பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் அதை நினைக்கவே வேண்டாம் என்று சரவாக் மாணவர்களே சொல்லிவிட்டார்கள். கெட்டி அட்டையில் வெட்டி, கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டி அவர்களே செய்தார்கள். மேடை விளக்கில் வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டிக்கிர் பாராட் ஒத்திகை. கிளாந்தான் மாநிலத்துக் கலை அது. முன்னால் பாடகர் அடியெடுத்துக் கொடுக்க, பின்னால் குழு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைதட்டி, தோளோடு தோள் சாய்ந்து பாடும். குழுவில் ஆள் போதவில்லை, நானும் உட்கார்ந்தேன். கிளாந்தான் மலாய்ப் பேச்சு எனக்குப் பாதி புரியாது. கோத்தா பாருவிலிருந்து வந்த நண்பர் ஒவ்வொரு சொல்லையும் வாயசைத்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கவனி, அப்போதுதான் எல்லாக் கையும் ஒன்றாக விழும் என்பார். அது பிடிபட்டதும் தாளம் தானாக வந்தது. பதிலுக்கு உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனகல் எழுப்ப அவருக்குக் கற்றுக் கொடுத்தோம்.

மற்றவை அலுவலக வேலை. மண்டபத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள். புகை இயந்திரம் கேட்காதீர்கள், தீ எச்சரிக்கை மணி அடித்தால் செலவு நம் தலையில். உணவை நாமே சமைத்து விற்க வேண்டுமானால் அனுமதி வாங்கும் வேலை தனி, ஏற்கெனவே அனுமதி உள்ள ஹலால் உணவகத்திடம் கொடுத்துவிடுவது நல்லது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு மாட்டிறைச்சி ரெண்டாங் கறி வேண்டாம், கோழி போதும் என்று சொல்லிவிட்டோம். நெத்திலி இல்லாத சைவப் பொட்டலம் தனியே. எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்கினார்கள்.

அன்று இரவு துங்குவாக நடித்தவர் கையை உயர்த்தியதும் அரங்கமே எழுந்து ஏழு முறையும் கூட முழங்கியது. எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அப்புறம் விளக்கு அணைந்து, சாப்பே மட்டும் ஒலித்தது. ஙாஜாட் முடிந்ததும் சபா மாணவர்கள் கைகளைச் சிறகாக விரித்து சுமாசாவ் ஆடிக்கொண்டே கீழே இறங்கி, பார்வையாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தேசிய கீதமான நெகாராகூ பாடும்போது மேடையில் யார், கீழே யார் என்று பிரிக்க முடியவில்லை.

இந்த ஆண்டு கதை எழுதும் பொறுப்பைச் சபா, சரவாக் மாணவர்களே ஏற்றிருக்கிறார்கள். 1963-லிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகப் போகிறார்களாம். உருமிக்கு இடம் உண்டா என்று கேட்டேன். நடுவில் வைத்திருக்கிறோம், கோத்தா பாருக்காரரும் வாசிக்கிறார் என்றார்கள்.