"ஈசிஜி நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. இதயக் குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல், ஒரு ஸ்டென்ட், வைத்திருக்கிறார்கள், நன்றாக நடக்கிறாள். ஆனாலும் அன்று விடியற்காலையில் கேட்ட வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை: "ஈசிஜி நார்மல்தான். வாயுத் தொல்லை. கூட்டிட்டுப் போங்க."

இரவு இரண்டு மணிக்கு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்ததாம். தாடையிலும் வலி. குமட்டல், உடம்பெல்லாம் சில்லென்று வியர்வை. நெஞ்சு வலி மட்டும் இல்லை. அதனால் இதயமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். எங்களை எழுப்பும்போது மணி நாலரை. அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்கு ஓடினோம். பணியில் இருந்த டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. சர்க்கரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. அக்காவுக்கு 54 வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. எங்கள் அம்மாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்தது. அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்னால், அப்பாவுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்னால் வந்திருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும் என்றும் அப்போது தெரியவில்லை. ஒரு ஊசி, அமிலத்துக்கு மாத்திரை, ஆறு மணிக்கு வீடு.

பதினோரு மணிக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் அதே வியர்வை. இந்த முறை ஆம்புலன்ஸை அழைத்து, இதயப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கே போனோம். நானே வண்டி ஓட்டலாம் என்று சாவியை எடுத்துவிட்டேன். நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் தடுத்தார். வழியில் இதயம் நின்றால் ஆம்புலன்ஸில் ஷாக் கொடுக்கும் கருவி இருக்கும், என் வண்டியில் என்ன இருக்கிறது? ஆம்புலன்ஸுக்கு அழைத்தபோது போனில் பேசியவர் அலர்ஜி, வயிற்றில் இரத்தக் கசிவு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்.

புது ஈசிஜியில் சின்ன மாற்றம் தெரிந்தது. "இது புதுசா, பழசா? காலையில் எடுத்த தாள் எங்கே?" என்றார் டாக்டர். அது முதல் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டது. நான் திரும்ப ஓடினேன். பதிவறையில் இருந்தவர், நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள் என்றேன். அப்படியானால் டாக்டரிடம் முத்திரையோடு கடிதம் வாங்கி வாருங்கள், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் காலையில் ஊசி போட்ட நர்ஸ்தான் கோப்பைத் தேடி எடுத்து, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் திரும்புவதற்குள் ட்ரோபோனின் பரிசோதனை பதில் சொல்லிவிட்டது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கசியும் புரதம் அது. மாரடைப்பேதான். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதும் ஈசிஜி நார்மலாக வரலாம், அந்தத் தாளில் இருப்பது வெறும் பத்து விநாடி இதயத் துடிப்பு என்று டாக்டர் விளக்கினார். அறிகுறி இருந்தால் ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். ட்ரோபோனினும் முதல் முறை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பழுதாகி நெஞ்சு வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சுத் திணறல், அசதி, குமட்டல் என்று வேறு வேஷத்தில் வருவது உண்டு.

யோசித்துப் பார்த்தால் இரண்டு வாரமாகவே அடையாளம் இருந்திருக்கிறது. படி ஏறினால் களைப்பு, நின்றால் சரியாகிவிடும். வயசாகிறது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்தே சொன்னோம்.

இதயக் குழாயில் சாயம் செலுத்தி அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோவுக்கு முன் இன்னொரு தடங்கல். என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறாள், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் உண்டா என்று கேட்டார்கள். உள்ளே செலுத்தும் சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறும் என்பதால் அது தெரிந்தாக வேண்டும். என்னிடம் பதில் இல்லை. அக்கா மகளை எழுப்பி, மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ, இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் குழாயில் 90 சதவீத அடைப்பு, அங்கேயே ஸ்டென்ட், மூன்றாம் நாள் வீடு.

இப்போது குடும்பத்தில் எல்லோருடைய மாத்திரைப் பெயர்களும், பழைய ஈசிஜியும் என் போனில் இருக்கின்றன. ஈசிஜி தாளில் இருக்கும் கோடுகள் நாளாக நாளாக மங்கிவிடும், எடுத்த அன்றே படம் பிடித்துவிடுங்கள். போன வாரம் பல் பிடுங்கப் போன இடத்தில் இரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொன்னார்கள். அக்கா சரி என்று சொல்லாமல் இதய டாக்டருக்குப் போன் செய்தாள். நிறுத்தவே கூடாது, ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்துவிடும், பல்லைத் தள்ளிப்போடலாம் என்றார். அவள் கேட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி! நானும் போய்ப் பரிசோதித்தேன். எனக்கு 49 வயது, ஒரு தொந்தரவும் இல்லை, கெட்ட கொழுப்பு 168. அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் அக்காவோடு வேக நடை.

முதல் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. இப்படி வியர்த்து விறுவிறுத்து வருபவரை அனுப்புவதற்கு முன் இரண்டாவது ஈசிஜியும் ட்ரோபோனினும் எடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. திங்கட்கிழமை நேரில் போகிறேன். அக்காவும் வருகிறாள். நோயாளி நேரில் வர வேண்டும் என்றுதானே கேட்டார்கள்.