பால் பத்தலைன்னு அவகிட்ட சொல்லாதீங்க

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து மூணாவது நாள். பார்க்க வந்தவங்க எல்லாரும் "பால் ஊறலையா? பவுடர் பால் கரைச்சுக் குடு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கேட்கக் கேட்க அவ முகம் வாடிப்போச்சு.

ராத்திரி கூட்டம் கலைஞ்சதும் விளக்கை அணைச்சு, பாப்பாவை அவ நெஞ்சுல தோலோட தோலா படுக்க வச்சோம். கொஞ்ச நேரத்துல ஒரு பக்கம் குடிக்கக் குடிக்க, மறுபக்கம் தானா சொட்ட ஆரம்பிச்சுது. அவ அழுதுட்டா. நானும்தான்.

குழந்தை சப்பும்போது காம்புல இருக்கிற நரம்புகள் தண்டுவடம் வழியா மூளையில இருக்கிற ஹைப்போதலாமஸுக்குச் சேதி அனுப்பும். உடனே மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில இருந்து ரெண்டு ஹார்மோன் கிளம்பும். புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும். ஆக்சிடோசின் சுரந்த பாலை வெளியே தள்ளும். பால் குடுக்கிறப்போ அடிவயிறு இழுத்துப் பிடிக்குதே, அதுவும் ஆக்சிடோசின் வேலைதான். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்குது. பயமோ அவமானமோ வந்தா ஆக்சிடோசின் தடைபடும். உள்ளே பால் இருந்தும் இறங்காது.

பிரசவத்துல நஞ்சுக்கொடி விழுந்து, கர்ப்பத்துல பாலைத் தடுத்து வச்சிருந்த புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் குறைஞ்ச பிறகுதான் பால் பெருகும். அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் வர்ற சீம்பால் கொஞ்சம்தான், ஆனா பிஞ்சு வயிறும் சின்னதுதானே! (பாப்பா சரியா ஒண்ணுக்குப் போகலை, சோர்ந்து கிடக்குதுன்னா மட்டும் காத்திருக்காம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.)

இன்னிக்கு பன்னிரண்டாம் நாள். பக்கத்து ரூம்ல பாப்பா சிணுங்குற சத்தம் கேட்டாலே தங்கச்சி ஜாக்கெட் நனைஞ்சுடுது.