கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார்கள்

மண்டபம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒன்பது வயதில், வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரர் ஒருவரால் எனக்கு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நடந்தது வலை போட்டு வைக்கிற கொட்டகையில், வெளியே அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கல்யாணமாகி, மகளுக்கு ஒன்பது வயது நெருங்கியபோது எனக்குத் தூக்கம் போனது. யூடியூபில் மனக்காயம் ஆற தியானம் என்று தேடினேன். ஹெட்போனை மாட்டினால், ஒரு பெண் குழைவான குரலில், "அமைதியான கடற்கரையில் நிற்கிறீர்கள், அலைகள் உங்கள் பாதத்தைத் தொடுகின்றன" என்கிறார். உள்ளங்கை வேர்த்துவிட்டது எனக்கு. லீவுக்கு வந்து போகிறவர்களுக்குத்தான் கடல் ஓய்வு. எங்களுக்கு அது டீசல், கருவாடு, கடன். எனக்குக் கூடுதலாக அந்தக் கொட்டகை. தப்பு என்னிடம்தான் என்று நினைத்து அந்த வீடியோவோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

பிறகு பஸ் ஏறி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஓபி சீட்டு எழுதுகிறவர் கேட்டார்: "என்னம்மா செய்யுது?"

"மனநல டாக்டரைப் பாக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஒனக்கா?"

அந்த 'ஒனக்கா'வில் வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்றது எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மதினி. டாக்டரும் அன்றைக்கு இல்லை, புதன்கிழமை வரச் சொன்னார்கள். நான் வீடு சேருவதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. "ஏர்வாடிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா தாயி?" என்று அத்தை கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் எங்கள் பக்கம் ஏர்வாடிக்கு இரண்டு அர்த்தம். சாதி மதம் பார்க்காமல் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு போவது ஒன்று. ஒருத்தரைப் பைத்தியம் என்று சொல்லாமல் சொல்வது இன்னொன்று. 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. மனசு சரியில்லை என்று வெளியே சொன்னால் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம் அன்றைக்கு உள்ளே விழுந்தது. நான் வாய் திறக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து ஒரு தனியார் ஆலோசகர். போட்டிருந்த கதவைத் தட்டி, பணம் கட்டி, உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "கண்ணை மூடுங்க, அந்த நாளுக்கே போங்க, என்ன தெரியுது சொல்லுங்க" என்றார். போனேன். திரும்பி வரத்தான் தெரியவில்லை. பஸ்ஸில் மண்டபத்தில் இறங்காமல், பாம்பன் பாலம் தாண்டிய பிறகுதான் சுயநினைவே வந்தது. மூன்று ராத்திரி விளக்கை அணைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் சந்திப்பிலேயே நடந்ததற்குள் போகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் மதுரையில் ஒரு உளவியலாளர். கேள்விப்பட்டு, பயந்து பயந்துதான் போனேன். முதல் நாலு சந்திப்பில் அவர் அந்த நாளைப் பற்றி மூச்சே விடவில்லை. "கண்ணைத் திறந்தே வைங்க" என்றார். அறையில் தெரிகிற ஐந்து பொருள், கேட்கிற மூன்று சத்தம், கால் தரையில் இருக்கிறதா என்று சின்னச் சின்னப் பயிற்சிகள். அதன் பிறகுதான், பாதுகாப்பான இடம் ஒன்றை மனசில் நினைத்துக்கொள்கிற பயிற்சி. கடல் வேண்டாம் என்று முந்திக்கொண்டேன். "வேணாம். யாரும் உங்களைத் தொட முடியாத இடம் எது?" என்றார்.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னேன்: பாம்பன் பாலத்தில் போகிற ரயில். 1914-ல் திறந்த பழைய பாலம். ரயில் அதில் ஊர்ந்துதான் போகும். நடுவில் யாரும் ஏற முடியாது. கடல் கீழே கிடக்கும், அதன் சத்தத்தைத் தண்டவாளச் சத்தம் அமுக்கிவிடும். ஜன்னல் கம்பி சில்லென்று இருக்கும். ஆனால் அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிருந்தது. நின்ற ரயில் கணக்கில் சேருமா என்று கேட்டேன். "உங்களுக்கு ஓடினா போதும்."

எனக்குப் படமாக எதுவும் வராது, சத்தமும் தொடுகையும்தான் வரும். அதனால் தோற்றுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். கற்பனை என்றால் சினிமா மாதிரி தெரிய வேண்டியதில்லை, பலருக்கு அப்படித்தான் என்றார் அவர். இதை அந்த வீடியோவில் ஒரு வரி சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது பெட்டி. பகலில் வந்து தொல்லை தருகிற நினைவை ஒரு பெட்டியில் போட்டு மூடிவைத்து, சந்திப்பில் மட்டும் திறக்க வேண்டும். மீனுக்கு ஐஸ் போடுகிற தெர்மாகோல் பெட்டியைச் சொன்னேன், கைக்குப் பழகிய பெட்டி என்று. ஒரே வாரத்தில் கனவில் மூடி திறந்துகொண்டது, வாசமும் கசிந்தது. தெர்மாகோலை நம்பியது என் முட்டாள்தனம். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டிக்கு மாற்றினேன், திண்டுக்கல் பூட்டோடு. அது நிற்கிறது.

மதுரைக்கு ஒவ்வொரு தடவையும் போக முடியாமல் சில சந்திப்புகளைப் போனில் வைத்துக்கொண்டோம். வீட்டில் ஆட்கள் இருப்பார்களே என்று மொட்டை மாடிக்குப் போனால், கச்சான் காற்று அடித்து, "காத்து மட்டுந்தான் கேக்குது" என்கிறார் அவர். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் குத்தவைத்துப் பேசினேன். பழைய காட்சிக்குள் போகிற வேலையை மட்டும் போனில் செய்ய மறுத்துவிட்டார். நேரில்தான் என்றார், அது சரிதான்.

அந்த வேலைக்கு இமேஜரி ரீஸ்கிரிப்டிங் என்று பெயர். கொட்டகைக் காட்சிக்குள் இப்போதைய நான் கற்பனையில் நுழைந்து, சின்னப் பிள்ளையான என்னை வெளியே கூட்டி வர வேண்டும். முதல் தடவை வாசலிலேயே கால் ஓடவில்லை, அழுதுகொண்டு திரும்பினேன். "தொணைக்கு யாரைக் கூப்பிடலாம்?" என்றார். செத்துப்போன அப்பத்தாவைக் கூப்பிட்டேன். உலக்கையோடு வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார் உளவியலாளர். பசிக்கிறது என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பத்தா அவளைத் தூக்கிப்போய்ப் பணியாரம் கொடுத்தது.

நடந்தது நடக்காமல் போய்விடவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நினைவு வரும்போது இப்போது கூடவே உலக்கையும் வருகிறது.

இன்னும் சிலது. நினைவு இல்லாத இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று கற்பனையைவிட்டுத் துழாவாதீர்கள், நடக்காததையும் நடந்ததாகக் காட்டிவிடும். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், இந்த வேலைக்கு முன்பே ஆலோசகரிடமும் வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள். அடிக்கிறவரோ தொடுகிறவரோ இன்னும் அதே வீட்டில் இருந்தால், முதலில் வெளியே வருகிற வழியைப் பாருங்கள், பெட்டியும் ரயிலும் அப்புறம். உதவிக்குக் கூப்பிட, பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. மனசு தாங்காத ராத்திரிக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசில்லை, தமிழில் பேசலாம். ஓபி வரிசையில் மதினி நிற்கிற தொல்லையும் இல்லை.

போன மாதம் ஒரு காதுகுத்துக்கு அந்த ஆளும் வந்திருந்தார். முன்பெல்லாம் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் ஓடி வந்துவிடுவேன். இந்தத் தடவை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெஞ்சின் இரும்புக் காலை ஜன்னல் கம்பி என்று பிடித்துக்கொண்டு, பந்தியில் கடைசிவரை இருந்தேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன்.