இரண்டு தாள்கள் ஒத்துப்போனால் போதுமா?

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வுக்காக உணவு வினாத்தாள் ஒன்றை நிரப்பினேன். கடந்த ஓராண்டில் தக்காளியை எத்தனை முறை சாப்பிட்டீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. ரசத்தில் கரைந்ததையும் சட்னியில் அரைபட்டதையும் சேர்ப்பதா, பச்சையாக நறுக்கித் தின்றதை மட்டும் சொல்வதா என்று விளங்காமல், ‘வாரத்துக்கு 2 முதல் 4 முறை’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இப்படி இட்ட குறிகளிலிருந்து ஒருவர் உட்கொண்ட புரதத்தையும் ஆற்றலையும் கணக்கிட்டுவிட முடியுமா என்ற ஐயம் அன்று எழுந்தது.

உணவு நிகழ்வெண் வினாத்தாள் எனப்படும் இவ்வகைத் தாளை வெகுகாலம் இன்னொரு தாளை வைத்தே சோதித்து வந்தார்கள். அமெரிக்கச் செவிலியர் ஆய்வுக்காக ஊட்டச்சத்து ஆய்வாளர் வால்டர் வில்லெட்டும் அவருடைய குழுவினரும் 61 உணவுகளைக் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினர்; பாஸ்டன் பகுதிச் செவிலியர் 173 பேர், ஒரு வாரம் வீதம் நான்கு தடவை எழுதிக்கொடுத்த உணவுக் குறிப்பேடுகளோடு அதை ஒப்பிட்டு, 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்காலத்துக்கு அது கவனமாகச் செய்யப்பட்ட வேலைதான். ஆனால், தின்றதைக் குறைத்துச் சொல்லும் இயல்புள்ளவர் வினாத்தாளிலும் குறைப்பார், குறிப்பேட்டிலும் குறைப்பார். ஒரே பொய்யை இரண்டு முறை சொன்னால் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். அந்தப் பொருத்தம், இரு அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவை உயர்த்திக் காட்டும்.

ஆகவே, நினைவையும் நாவையும் சாராத சாட்சி ஒன்று வேண்டியிருந்தது. 1999 செப்டம்பர் முதல் 2000 மார்ச் வரை மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுன்டியில், 40 முதல் 69 வயது வரையிலான 484 பேரிடம் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ‘ஓப்பன்’ ஆய்வு அத்தகைய சாட்சியைக் கொண்டுவந்தது. ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியமும் ஆக்சிஜனின் கனமான வடிவமான ஆக்சிஜன்-18உம் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். டியூட்டீரியம் உடலை விட்டு நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவும், அதிலிருந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஒருவர் செலவிட்ட ஆற்றலும் தெரிந்துவிடும். உடல் எடை மாறாதவரை, செலவிட்ட அளவே உண்ட அளவு. புரதத்திலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுவதால், புரதத்துக்கு 24 மணி நேரச் சிறுநீரிலுள்ள நைட்ரஜனை அளந்தார்கள்.

2003இல் வெளியான முடிவுகளைப் பாருங்கள். ஆண்கள் தாம் உண்ட ஆற்றலை, முந்தைய நாள் உணவை விசாரிக்கும் 24 மணி நேர நினைவுகூரலில் 12 முதல் 14 விழுக்காடும், வினாத்தாளில் 31 முதல் 36 விழுக்காடும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பெண்களிடம் இந்தக் குறைவு முறையே 16 முதல் 20 விழுக்காடாகவும், 34 முதல் 38 விழுக்காடாகவும் இருந்தது. இது எல்லாரிடமும் ஒரே அளவில் நேரும் பிழையாக இருந்தால், ஒரு பெருக்கல் எண்ணைக் கொண்டு திருத்திவிடலாம். உடல் பருமன் கூடக் கூடக் குறைத்துச் சொல்வதும் கூடுகிறது என்பதுதான் சிக்கல். பருமனுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்பவருக்கு இது காலடியிலேயே தோண்டிய குழி.

வினாத்தாளைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். புரதத்தைத் தனியாகப் பார்க்காமல் மொத்த ஆற்றலில் அதன் பங்காகப் பார்த்தால், இரண்டிலும் ஒருசேர நேர்ந்த குறைப்பு ஓரளவு கழிந்து, வினாத்தாள் தரும் விடை கணிசமாகத் தேறுகிறது. நினைவுகூரலுக்கும் சொந்தப் பலவீனம் உண்டு: ஒரு நாள் உணவு ஓராண்டு உணவாகாது. 29 பேர் ஓராண்டு முழுவதும் எழுதிய குறிப்புகளைக் கொண்டு 1987இல் வெளியான கணக்கின்படி, ஒருவரின் ஆற்றல் உட்கொள்ளலை நம்பகமாக மதிப்பிடச் சராசரியாக 31 நாள் பதிவு போதும். வைட்டமின் ஏ-வுக்கு 433 நாள் வேண்டும். ஈரலோ கீரையோ தட்டில் விழுந்த நாளில் அளவு மலையாக ஏறி, மற்ற நாள்களில் மடுவாக இறங்குவதே காரணம். மாதத்துக்கு எத்தனை முறை ஈரல் சாப்பிடுவீர்கள் என்று கேட்கும் வினாத்தாளுக்கு, நேற்றைய உணவை மட்டும் விசாரிப்பவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறது. என் தக்காளிக் கணக்கை மட்டும் அதனிடம் நம்பி ஒப்படைக்கமாட்டேன்.